பத்தொன்பதாம் எண் ஹாஜர்

ஓடைப்பட்டிக்கும் மேகமலை அடிவாரத்துக்கும் நடுவே, திராட்சைப் பந்தல்களுக்குள் ஒளிந்திருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியில், 2019 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஒரே மாணவர் க. சுருளிராஜன். ஐந்தாம் வகுப்பில் அவர் பெயர் ஏறியபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்த வாரம் பன்னீர் திராட்சை கிலோ முப்பத்தெட்டு ரூபாய்க்குப் போனது. மழை எட்டு நாள் பிந்தியிருந்தது. ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சென்னையிலிருந்து யாராவது தணிக்கைக்கு வந்து, முடிந்துபோன விஷயத்தைக் கிளறுவார்கள்.

சுருளிராஜனுக்கு வகுப்பாசிரியை அவருடைய மனைவி பாண்டீஸ்வரி. இருவரும் உறவுக்குள் கட்டிக்கொண்டவர்கள். பாண்டீஸ்வரியின் அம்மாவும் சுருளிராஜனின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். ஆகவே இருவருக்கும் பூட்டன் ஒருவர்தான், ஒச்சாண்டி என்று பெயர். இருவர் ரத்தத்திலும் ஓடியது ஒரே கோளாறுதான். அந்த வம்சத்தில் ஒருவர் பெயரை அரசாங்க ஏட்டில் எழுதிவிட்டால், அதைச் சிவப்பு மையால் அடிக்கும்வரை அவர் போகமாட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் மலைமேல் அணை கட்டப் போன கூட்டத்தில் ஒச்சாண்டியும் போய், சுண்ணாம்பு சுமந்து, காய்ச்சலில் விழுந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். ஆள் பட்டியலில் பெயரை அடிக்க மறந்துவிட்டார்கள். ஓவர்சியர் தினம் காலையில் பெயர் கூப்பிடும்போது, ஒச்சாண்டியின் முறை வந்ததும் 'ஆஜர்' என்று குரல் வந்தது. அவர் பங்குச் சுண்ணாம்பும் சாயங்காலத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்தது. பதினொரு மாதம் கழித்து, புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் சிவப்புக் கோடு இழுத்தார். மறுநாள் குரல் இல்லை. கீழே ஊரில் அவர் மனைவி ராக்கம்மாள் அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருடம் இருந்தார். காலரா வந்து தெருவே காலியானபோதும் வீட்டை விட்டு நகர மறுத்தார். கடைசிவரை இரண்டு வட்டிலில் சோறு போட்டார். புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது.

ஒச்சாண்டியின் பேரன் கருத்தக்கண்ணன், அதாவது சுருளிராஜனின் அப்பா, இறந்தபின் இரண்டு தேர்தல்களில் வாக்களித்தார். பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது. இதை ஊரில் யாரும் அதிசயமாகக் கருதவில்லை. மற்ற குடும்பங்களிலும் நடப்பதுதான். ஒரே வித்தியாசம், கருத்தக்கண்ணன் தானே போய் வரிசையில் நின்று போட்டார்.

பாண்டீஸ்வரி 1986இல் வருசநாட்டு மலையோரம் ஓர் ஓராசிரியர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாதிப் பிள்ளைகள் சரிவுகளில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார். எந்தச் சரிவிலிருந்தாவது 'உள்ளேன் டீச்சர்' என்று பதில் வந்தால் வருகை போட்டுவிடுவார். குரல் வந்தால் ஆள் வந்ததாகத்தான் அர்த்தம் என்பது அவர் கட்சி. ஒருமுறை எதிர்மலையிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் பதில், தூரம் அதிகமானதால், பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போனபின் நாலேகால் மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. டீச்சர் பூட்டிய கதவைத் திறந்து, ஏட்டை எடுத்து, வருகை போட்டுவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆனால் பதில் தமிழில் வரவேண்டும். 'பிரசன்ட்' என்று எவனாவது சொன்னால், அவன் முகத்துக்கு நேராகவே அவனுக்கு ஆப்சென்ட் போடுவார். 'உள்ளேன்' என்றால் இருக்கிறேன் என்று பொருள். ஒரு மனுசன் இந்த உலகத்தில் இருப்பதை மூன்றே எழுத்துச் சொச்சத்தில் சொல்லிவிடலாம், அதற்கு உங்களுக்கு வாய் வலிக்கிறதா என்று கேட்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த புருஷன், அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று பத்து வயதில் சபதம் எடுத்தவர். சுருளிராஜனின் பெற்றோர் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்ததால், நாலாம் வகுப்புவரை அவர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தார். அங்கே பெயர் கூப்பிட்டால் 'ஹாஜர்' என்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு எங்கள் ஊருக்கு வந்த முதல் நாள், பழக்கதோஷத்தில் 'ஹாஜர்' என்றார். வகுப்பே சிரித்தது. வாத்தியார் 'உள்ளேன் ஐயா' என்று நூறு தடவை எழுதச் சொன்னார். நாற்பதாவது தடவையில் பையன் பலகையைக் கீழே வைத்துவிட்டு, கம்பம் போய் ஒரு லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டான். படிப்பு அத்தோடு முடிந்தது. பிறகு சொந்தமாக ஒரு மினி லாரி வாங்கி, தினம் திராட்சையும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளம் போய்வந்தார். வீட்டில் இருக்கும் நாளில், சாப்பிட வாருங்கள் என்று டீச்சர் கூப்பிட்டால் வாசலிலிருந்து 'ஹாஜர்' என்ற பதில் வரும். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்தோரு வருட மணவாழ்க்கையில் அவர்கள் சண்டை போட்டது இந்த ஒரு சொல்லுக்கும், அவர் வீடு தங்காததற்கும்தான். ஒரு தீபாவளி மாலை, அன்றைக்கும் வண்டியைக் கிளப்பியவரின் முன்னால் டீச்சர் போய் நின்றார்.

"இந்த வீட்டுக்குள்ள ஒரு நா முழுசா இருந்திருக்கீகளா மாமா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"நீ ரிட்டயர்டு ஆகு. அன்னையிலேருந்து நானும் உள்ளதான். வெளிய போன்னு நீ வெரட்டுனாலும் போமாட்டேன்" என்றார் சுருளிராஜன். பிறகு ரிவர்ஸ் எடுத்தார்.

2019 மே மாதம், உத்தமபாளையம் வியாபாரி சேக் பரீத்தின் திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, கம்பம்மெட்டு ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் அவருக்கு நெஞ்சு வலித்தது. வண்டியை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, பின் டயருக்குக் கல் முட்டுக்கொடுத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் இறந்தார். ஒரு பழம்கூட நசுங்கவில்லை. சேக் பரீத் இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். முப்பது வருடத்தில் சுருளிராஜன் அண்ணன் கொண்டுபோன லோடில் ஒரு பெட்டி குறைந்ததில்லை, அன்றைக்கும் குறையவில்லை என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்றாம் நாள், ஜூன் முதல் திங்களன்று பள்ளி திறந்தது. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று டீச்சர் வேலைக்கு வந்துவிட்டார். புது வருகைப்பதிவேடு வந்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெயர்களை அகரவரிசையில் மணிமணியாக எழுதினார். சுபாஷுக்கும் செல்வகணேசுக்கும் நடுவில், பத்தொன்பதாம் எண்ணில், அவர் கை தானாக 'சுருளிராஜன். க' என்று எழுதியது. பத்தொன்பது நாளாக அந்தக் கைக்கு வேறு பெயர் எதுவும் தெரியாமல் போயிருந்தது; பிறப்பு இறப்பு அலுவலகம், வங்கி, ரேஷன் கார்டு என்று எல்லா விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. எழுதியதை டீச்சர் கவனிக்கவில்லை. தலை நிமிராமல் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பத்தொன்பதாவது பெயருக்குக் கடைசி பெஞ்சிலிருந்து 'ஹாஜர்' என்று கனத்த குரல் ஒன்று வந்தது.

"எத்தன தடவ சொல்றது? உள்ளேன்னு சொல்லணும்" என்றார் டீச்சர், ஏட்டைப் பார்த்தபடியே.

"அது எப்பிடி டீச்சர் சொல்ல? நாந்தான் இல்லையே."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்துமூன்று பிள்ளைகள் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு இரண்டு பையன்கள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏன் ஒதுங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பத்தொன்பதாம் நம்பர் மலையாளத்தில் பேசுகிறார் என்று வகுப்புத் தலைவி எழுந்து புகார் சொன்னாள். டீச்சர் வெளியே போய்க் குடிநீர்த் தொட்டி ஓரமாக நின்று அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து இருபதாம் எண்ணிலிருந்து கூப்பிட்டார்.

தலைமையாசிரியர் ஞானதுரை விதிகளுக்குப் பயந்தவர். ஏட்டில் ஒயிட்னர் பூசக்கூடாது, அடித்துத் திருத்தக்கூடாது. ஒரு பெயரை நீக்க வேண்டுமானால் சிவப்பு மையில் கோடு போட்டுக் காரணம் எழுத வேண்டும். இரண்டே காரணங்கள்தான் செல்லும்: ஒன்று, மாணவர் தொடர்ந்து முப்பது நாள் வராமல் இருக்க வேண்டும்; அல்லது டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டும். சுருளிராஜன் ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். டி.சி. கேட்கவும் இல்லை. இறந்துவிட்டார் என்று எழுதலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். இறந்தது சேர்க்கைக்கு முன்னால் என்பதால் அது செல்லாது என்றார் ஞானதுரை. வராத பயல்களைத் தேடி வீடு வீடாக அலைகிற காலத்தில், வருகிறவரை எதற்கு விரட்ட வேண்டும் என்றும் கேட்டார். ஆகஸ்டில் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், தலைகளை எண்ணாமல் குரல்களை எண்ணிவிட்டு, 'வருகை நூறு சதவீதம், பாராட்டுகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சத்துணவு அமைப்பாளர் சோணையம்மாளுக்கும் ஏடுதான் வேதம். முப்பத்துநாலு பேர் என்றால் முப்பத்துநாலு முட்டை. முதல் நாள் ஒரு முட்டை மிச்சமானதும் அதை எவர்சில்வர் தட்டில் வைத்து, ஜன்னலில் மூடிவைத்தார். ஒன்றரை மணிக்குத் திறந்து பார்த்தால் வெள்ளைக்கரு இல்லை. மஞ்சள்கரு மட்டும் உடையாமல் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. இதைக் கேட்ட டீச்சர் தட்டை வாங்கி அதைத் தின்றார். அவருக்கு மஞ்சள்கருதான் பிடிக்கும், சுருளிராஜனுக்கு வெள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் முட்டை அப்படித்தான் பிரிந்திருந்தது. சோணையம்மாள் மறுநாளிலிருந்து அந்த முட்டைக்கு மட்டும் கொஞ்சம் மிளகுத்தூள் கூடுதலாகப் போட்டார்.

மறு வருடம் ஊரடங்கு வந்தது. எல்லாரையும் தேர்ச்சி போட்டுவிட்டதால் சுருளிராஜன் ஆறாம் வகுப்புக்குப் போனார். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது. பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் பிரித்துக்கொடுப்பதற்காக ஆசிரியர்கள் முறைவைத்து வந்தார்கள். டீச்சர் எல்லார் முறையையும் தானே வாங்கிக்கொண்டு தினம் வந்தார். காலை ஒன்பதரைக்கு வெற்று வகுப்பறையில் முகக்கவசத்தோடு நின்று, ஒரே ஒரு பெயரைக் கூப்பிடுவார். 'ஹாஜர்' வரும், முகக்கவசம் போட்டதுபோல அமுங்கி வரும். பிறகு டீச்சர் அன்றைய செய்தியைச் சொல்வார். மகள் நாகஜோதிக்கு ஓசூரில் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், குச்சனூர்க் கோயிலைப் பூட்டிவிட்டார்கள், மெட்டில் பாஸ் இல்லாமல் வண்டி விடுவதில்லை, நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள் என்பார். பதில் இருக்காது. ஏட்டுக்குப் பதில் சொல்வது ஒன்றுதான் அவருக்கு அனுமதி என்று டீச்சருக்குத் தெரியும். முதல் நாள் பேசிய ஒரு வரி, புது மாணவருக்குக் காட்டிய சலுகை போலிருக்கிறது.

ஏழாம் வகுப்பில் சிக்கல் வந்தது. வகுப்பாசிரியராக ஜேசுராஜ் வந்தார். அறிவியல் ஆசிரியர், எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பாதவர். பெஞ்சுக்கடியில் செல்போன் இருக்கிறதா என்று மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. நாலாம் நாள், 'ஹாஜர்' என்பது தமிழ்நாட்டுப் பள்ளியில் செல்லாது என்று சொல்லிப் பத்தொன்பதாம் எண்ணுக்கு ஆப்சென்ட் போட்டார். உடனே வகுப்பில் மற்ற முப்பத்துமூன்று பேரின் குரலும் போய்விட்டது. வாயைத் திறந்தார்கள், சத்தம் வரவில்லை. ஏட்டை அடித்துத் திருத்தக்கூடாது என்பதால் மதிய வருகை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்றே முக்காலுக்கு ஜேசுராஜ் பத்தொன்பதாம் எண்ணை மரியாதையாகக் கூப்பிட்டு, வந்த பதிலை ஏற்றுக்கொண்டு வருகை போட்டதும், நாலேகால் மணிநேரச் சத்தமும் சேர்ந்தாற்போல வந்து, மேற்குப் பக்கத்து ஓடு நாலு கீழே விழுந்தது. தன் பதினெட்டு வருட சர்வீஸில் அவ்வளவு அமைதியான காலைப்பொழுதைப் பார்த்ததில்லை என்று ஜேசுராஜ் பின்னாளில் ஏக்கத்தோடு சொன்னார். அந்த அரைநாள் மட்டும் சுருளிராஜனின் ஏட்டில் ஒரு வடுவாக நின்றது. வந்தவருக்குப் போட்ட ஆப்சென்ட் விடுப்பாகாது என்பதால் அதை நான் சேர்க்கவில்லை.

ஞானதுரை ஓய்வுபெற்றபின் பாண்டீஸ்வரி டீச்சர் பொறுப்புத் தலைமையாசிரியை ஆனார். சுருளிராஜனும் எட்டாம் வகுப்புக்கு வந்தார். எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. எட்டு முடித்தவருக்கு டி.சி. எழுதியாக வேண்டும், டி.சி. எழுதினால் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தாக வேண்டும். கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பது ஒச்சாண்டி காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். அதே 2023 மே 31இல் டீச்சருக்கு வயது அறுபது நிறைந்து ஓய்வு. தான் இறங்கும் நாளும் அவரை அனுப்பும் நாளும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்து டீச்சர் இளைத்துப்போனார். ஏப்ரல் கடைசி வேலைநாளன்று, கடைசித் தடவையாவது 'உள்ளேன்' என்று சொல்லுங்கள் மாமா என்று நிறைந்த வகுப்பில் கேட்டேவிட்டார். 'ஹாஜர்' என்றது குரல். செத்தும் வீம்பு போகவில்லையே என்று டீச்சர் சாக்பீஸை எறிந்தார். அது கடைசி பெஞ்சுவரை போய், நடுவழியில் யாரோ பிடித்ததுபோல நின்று, மெதுவாக மேசைமேல் இறங்கியது.

மகள் நாகஜோதி அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப்போக எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டியாயிற்று, கட்டிலைக் கொடுத்தாயிற்று. வழியனுப்பு விழா முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்படியே காரில் கிளம்புவது என்று பேச்சு. தனியாக இங்கே கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று மகள் கேட்டபோது டீச்சர் அடுத்த சாக்கின் வாயைக் கட்டினார். ஏடு இருந்தவரை அவர் தனியாக இல்லை. ஏடு நாளையிலிருந்து இன்னொருவர் மேசைக்குப் போகிறது.

மே 31 காலையில் டீச்சர் கடைசி வேலையாக டி.சி. புத்தகத்தை எடுத்தார். ஜேசுராஜ் அருகில் வந்து, பத்தொன்பதாம் எண்ணை மட்டும் கவனிக்காத மாதிரி விட்டுவிடலாம், ஜூனில் தானே பொறுப்பேற்பதால் யாருக்கும் தெரியாது என்றார். டீச்சர் தலையாட்டவில்லை.

"படிச்சு முடிச்ச ஆளப் புடிச்சு வச்சுக்கிற முடியாது சார். எம் பிரியத்துக்கு அவுக எத்தன வருசம் எட்டாம் கிளாஸ்லயே ஒக்காந்திருப்பாக?"

பிறகு எழுதினார். பிறந்த தேதி, 1961. அங்க அடையாளங்கள்: ஒன்று, இடது முழங்கையில் சைலன்சர் சுட்ட தழும்பு, இரண்டு, வலது காதுக்குப் பின்னால் மச்சம். இரண்டாவது அடையாளம் அவரைப் பெற்றவளுக்கும் முடிவெட்டுகிறவருக்கும் டீச்சருக்கும் மட்டுமே தெரிந்தது. மேல்வகுப்புக்குத் தகுதி உண்டா, உண்டு. நடத்தை என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. 'மிக நன்று' என்று எழுத மனசு வந்தது, தீபாவளியன்று ரிவர்ஸ் எடுத்தது ஞாபகம் வந்தது. 'நன்று' என்று எழுதினார். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில், எல்லாருக்கும் எழுதுவதுபோல, 'குடும்பச் சூழ்நிலை' என்று போட்டார். பாதுகாவலர் கையொப்பத்தை நாகஜோதி போட்டாள். அப்பாவுக்குத் தான் பாதுகாவலராகக் கையெழுத்துப் போடும் வேடிக்கையில் அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது. கடைசியில் டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பத்தேழு வருடத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களை அடித்த கைதான். ஸ்கேலை வைத்து, கோணாமல், ஒரே இழுப்பில் கோடு போட்டார். பிறகு எழுந்து நின்று பெயரைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். சமையல்கூடத்தில் விழாச் சமையலில் இருந்த சோணையம்மாள் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பொன்னாடை, சந்தனமாலை, குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாம் முறைப்படி நடந்தன. நாலு மணிக்கு டீச்சர் காரில் வீட்டு வாசலில் இறங்கினார். மூன்று மூட்டைகளை எடுத்துக்கொண்டு பூட்ட வேண்டியதுதான் பாக்கி. அது திராட்சைத் தோட்டத்தை ஒட்டின வீடு. ஆளில்லாத நேரத்தில் பாம்போ மரநாயோ நுழைந்திருக்கும் என்பதால், எங்கள் பக்கத்தில் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். ஒதுங்க வேண்டியது ஒதுங்கிக்கொள்ளும். டீச்சரும் முப்பத்தைந்து வருடமாகத் தினம் மாலையில் அப்படித்தான் செய்துவந்தார். செருப்பைக் கழற்றினார், கதவைத் தள்ளினார், வழக்கம்போலச் சத்தம் கொடுத்தார்.

"உள்ள யாரு?"

"உள்ளேன் டீச்சர்."

நாகஜோதி கையிலிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கீழே வைத்தாள். உடைந்துவிடாமல் பார்த்துத்தான் வைத்தாள். டீச்சர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இல்லாதவர் எப்படி அந்தச் சொல்லைச் சொல்வது என்று நாலு வருடத்துக்கு முன்னால் கேட்ட ஆள், இப்போது எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்லியிருந்தார். ஏட்டில் பெயர் இருந்தவரை அவர் வேலையில் இருந்தார். வேலையில் இருக்கிறவர் ஹாஜர்தான் சொல்ல முடியும். வேலை முடிந்தது, வீட்டுக்கு வந்துவிட்டார். ரிட்டயர்டு ஆன அன்றைக்கே வருவதாகச் சொன்ன வாக்கை ஒரு நாள் பிந்தாமல் காப்பாற்றியிருந்தார். டீச்சர் மகளைத் திரும்பிப் பார்த்து, மூட்டைகளைப் பிரி ஆத்தா, அப்பாவுக்குத் தட்டு எடுக்கணும் என்றார். பிறகு உள்ளே போய், நாலு வருடத்துக் கோபத்தையும் சேர்த்து, இந்தச் சொல்லை அன்றைக்கே வகுப்பில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று சண்டையை ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்தார்கள். டீச்சர் தட்டில் இரண்டு மஞ்சள்கரு இருந்தது.

மறுநாள் நாகஜோதி தனியாக ஓசூர் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். கொடுத்த கட்டிலை, வாங்கினவர்களே தூக்கிவந்து திரும்பப் போட்டுவிட்டுப் போனார்கள். நூற்றிருபது வருடத்துக்கு மேலாக ராக்கம்மாளைப் புத்தி பேதலித்தவர் என்று சொல்லிவந்ததை ஊர் அந்த வாரமே வாபஸ் வாங்கியது. இரண்டு வட்டில் எதற்கு என்று அந்தக் காலத்தில் ஒருவராவது உள்ளே எட்டிப் பார்த்திருக்கலாம். டி.சி.யைச் சட்டம் போட்டு டீச்சர் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். 'நன்று' என்ற இடம் வருகிறவர்கள் கண்ணில் படும்படியான உயரம்.

போன மாதம் பன்னீர் திராட்சை கிலோ எழுபதைத் தொட்டது. உத்தமபாளையத்திலிருந்து சேக் பரீத் வந்தார். மகன் நவாஸ் புது வண்டி எடுத்திருக்கிறானாம், கம்பம்மெட்டில் பாரம் ஏற்றிக்கொண்டு எந்த வளைவில் எந்த கியர் போடுவது என்று கேட்டுப்போக வந்திருந்தார். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சரிடம், அண்ணன் இருக்காகளா என்று விசாரித்தார்.

"உள்ள இருக்காக" என்றார் டீச்சர், கிளிப்பை வாயில் கவ்வியபடி. "செருப்பக் கழட்டிட்டுப் போங்க. ஒரு சத்தங் குடுத்துட்டுப் போங்க."